மூன்று வரிசைக் கடலை

விதை தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்று வரிசை பாக்கி.

வரப்போரம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மறுமுனை குருவம்மா கையில். அரைச்சாணுக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. முடிச்சுக்கு ஒரு பருப்பு என்பது ஏற்பாடு. தாயம்மா தன் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். ரோஸ் நிறத் தூசி மட்டும் பறந்தது.

"முடிஞ்சு போச்சு மதினி."

"இருக்காதுங்க," என்றார் வேளாண்மை அலுவலர். நோட்டைப் புரட்டினார். "அந்தக் குச்சி வரைக்கும் வரணுங்க. கணக்குப் போட்டுத்தானுங்க குச்சி நட்டேன்."

தேவதானத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி கிடந்த எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் நடந்தது இது. ஈரச் செம்மண் வாசனையும், விதையில் தடவிய ஆறின கஞ்சியின் புளிப்பு வாசனையும் கலந்து அடித்தன. புளியமரத்தடியில் ஒரு ஜீப். அதில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி.

"என்னய்யா, நிப்பாட்டிட்டீங்க?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அலுவலருக்கு வேர்த்துவிட்டது. எங்களைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். "யாராச்சும் சாப்பிட்டீங்களாங்க?"

"ஐயையே, மருந்து போட்டத யாரு சார் திம்பா? எங்களுக்கென்ன கோட்டியா?" என்றாள் குருவம்மா.

இல்லை இல்லை என்று எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். என் தலை பாதியில் நின்றுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம், மருந்து கலந்த பானைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

என் மகள் ரூபி. அப்போது அவளுக்கு ஏழு வயது.

பாமாயில் வரிசையும் பாசிக் கூடையும்

அரசாங்கத்துக்கு எங்கள் கடலை மேல் எப்படிக் கண் விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறு பிறந்த சமயம் என்று நினைவு. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நிற்காத பெண் எங்கள் சேத்தூரில் இல்லை. நாட்டில் எண்ணெய் பற்றவில்லை, வெளியிலிருந்து வாங்குகிறோம், நாமே கடலையும் எள்ளும் கூடுதலாக விளைவித்தால் அந்தத் தொல்லை தீரும் என்று சாயங்கால வானொலியில் தினமும் ஒருவர் பொறுமையாகச் சொல்வார். அதற்காக ஒரு திட்டம் வந்தது. ஊருக்கு ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, புது ரக விதையைப் புது முறையில் விதைத்து, மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வைப்பது. செயல்விளக்கத் திடல் என்று பெயர்.

திட்டங்கள் எங்களுக்குப் புதிதல்ல. அதற்குச் சில வருஷம் முன்னால் நெல்வயலில் விடச்சொல்லி அசோலா என்கிற பச்சைப் பாசியைக் கூடையில் கொடுத்தார்கள். உரச் செலவு குறையுமாம். என் மாமனார் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வழியில், தொழுவில் கட்டியிருந்த பசு எட்டி ஒரு வாய் தின்றுவிட்டது. மறுநாளும் கொடுத்துப் பார்த்தார். மாடு சொக்கிப்போய் நின்றது. அடுத்த வாரம் அலுவலர் வயலைப் பார்க்க வந்தபோது மாமனார் சொன்னார்: "வயல விடுங்க சார், மாட்ட வந்து பாருங்க. இன்னும் ரெண்டு கூடை கிடைக்குமா?"

அந்த அலுவலர் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவர்தான் நம் நோட்டுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. கல்லூரி முடித்து வந்த முதல் வேலை. சட்டை கசங்காது, பேச்சில் 'ங்க' குறையாது.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. தோட்டம் என் பொறுப்பு. "நீங்க படிச்சவங்க, பதிவேடு எழுதுவீங்க" என்று சொல்லி அலுவலர் எங்கள் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி இறுதி வகுப்புச் சான்றிதழ் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு முதன்முதலாக உதவியது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாக்குப் பையில் விதைக்கடலை வந்தது. கூடவே பூஞ்சாண மருந்து ஒரு பொட்டலம், கஞ்சியில் குழைத்து விதையில் தடவ, வேரில் முடிச்சு விழவைக்கும் நுண்ணுயிர் ஒரு பொட்டலம், துண்டறிக்கை ஒன்று. சாக்கின் மேல் 'விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து எங்கள் தெருவே அந்தச் சாக்குக்குத் தனி மரியாதை கொடுத்தது.

தோட்டில் இருந்த கடலையை உடைத்துப் பருப்பாக்க வேண்டும். தாயம்மா, குருவம்மா, இன்னும் இரண்டு பேர், நான். எல்லோரும் ஒரே தெரு. வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்தோம். கடலை உடைக்கிற நாள் என்றால் எங்கள் பக்கம் சிறு திருவிழாதான். வாய் ஓயாது. அலுவலர் ஒரு நாற்காலியில் அமர்ந்து, இத்தனை கிலோ காய்க்கு இத்தனை கிலோ பருப்பு என்று கல்லூரியில் படித்த கணக்கைப் போட்டு, அதை வைத்தே தோட்டத்தில் எவ்வளவு தூரத்துக்குக் குச்சி நடலாம் என்று எழுதினார். பருப்பை எடைபோட எங்கள் வீட்டில் தராசு இல்லை. கணக்கு இருக்கும்போது தராசு எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை வயிற்று வலி

ரூபி எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினால் நான் தைலப் புட்டியைத் திறப்பேன். இருமினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கேதான் அவளைப் பெற்றெடுக்க வைத்த டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் மாத்திரை தரணும்" என்று டாக்டரம்மா பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ரூபிக்குக் கடலை என்றால் உயிர். காய வைத்தால் கால்வாசி அவள் பாவாடை மடிக்குள் போய்விடும். கடலைக் கள்ளி என்றுதான் தெருவில் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அலுவலர் பருப்பையெல்லாம் ஒரு பானையில் போட்டு, மருந்துப் பொடியைத் தூவி, வாயைத் துணியால் கட்டி உருட்டினார். கை கழுவ அவர் பின்பக்கம் போனார். தண்ணீர் எடுத்துக் கொடுக்க நானும் போனேன். திரும்பி வந்தபோது ரூபி பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, தொட்டா கை வெந்துரும், எந்திரி!" என்று அதட்டினேன். எழுந்து போனாள். அத்தோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, வயிறு வலிக்கு."

எனக்குத் தோட்டத்துக்குப் போகிற அவசரம். ஜீப்பில் பெரிய அதிகாரி வருகிறார். "திங்கக்கிழமைன்னா ஒனக்கு வலிக்கத்தான் செய்யும். கெளம்பு" என்று தலைசீவி அனுப்பிவிட்டேன். தும்மலுக்கே தைலம் எடுக்கிற நான், ஜீப்புக்காக அன்றைக்கு மட்டும் இதைக் கேட்காமல் போனேன்.

இரண்டும் சேர்ந்து மூன்று வரிசைக்கு முன்னால் என்னை அடித்தன. பானை. வயிற்று வலி.

கயிற்றைக் கீழே போட்டேன். "ரூபி தின்னுட்டா" என்றேன்.

பெரிய அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார். "ஜீப்ப எடுத்துட்டுப் போங்கய்யா" என்றார்.

இனிமே செய்யமாட்டேன்

சேத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஜீப் நின்றபோது எல்லாப் பிள்ளைகளும் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். சேற்றுக் காலோடு வகுப்புக்குள் ஓடினேன். எனக்குப் பின்னால் அலுவலர், அவர் பின்னால் டிரைவர்.

ரூபி எங்களைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"இனிமே செய்யமாட்டேம்மா! சத்தியமாச் செய்யமாட்டேம்மா!"

போதாதா எனக்கு? அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஏழு வயதுப் பிள்ளை, கனமே தெரியவில்லை.

ராஜபாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி வழியிலேயே இருக்கிறது. "இங்க நிறுத்தட்டுமாம்மா?" என்று டிரைவர் கேட்டார். நான் "இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று கத்தினேன். விஷம் தின்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரியைத் தாண்டி இன்னும் எத்தனையோ மைல் போகச் சொன்னவள் நான். இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஊர் தாண்டியதும் ரூபி வாந்தி எடுத்தாள். டீசல் வாடை அவளுக்கு ஆகாது. அது அப்போது யாருக்கு நினைவு வரும்? ஜீப் நின்றது. அலுவலர் இறங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இட்லிங்க. கடலை ஒண்ணும் தெரியலைங்க."

"எல்லாம் ரத்தத்துல கலந்துருக்கும்" என்று நான் அழுதேன். டிரைவர் வண்டியை விட்ட வேகத்தில் ரூபி அழுகையை நிறுத்தி, கம்பியைப் பிடித்து எழுந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். "ஆண்டவரே, மயக்கத்துக்கு முந்தி இப்படித்தான் தெளிச்சியா இருக்குமோ" என்று நான் அதற்கும் பயந்தேன்.

எம்புட்டு?

டாக்டரம்மா ரூபியின் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள். நாக்கைப் பார்த்தார்கள்.

"எம்புட்டுத் தின்னா?"

"மூணு வரிசை" என்றேன்.

"என்னது?"

அலுவலர் முன்னால் வந்தார். "அதாவதுங்க டாக்டர், முடிச்சுக்கு ஒரு பருப்புங்க. பார்த்தா ஒரு படி வருங்க."

"ஏழு வயசுப் பிள்ள ஒரு படி பச்சக் கடலையா? யானைக்குட்டியா இது?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் யோசனை வந்த பிறகும் பயம் போகவில்லை. ஒரு படி இல்லாவிட்டால் ஒரு பிடி. ஒரு பிடி போதாதா?

"நான் திங்கலம்மா" என்றாள் ரூபி.

"பொறவு ஏன் 'இனிமே செய்யமாட்டேன்'னு அழுத?"

"வயித்து வலி பொய்யி. இன்னைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கணும். நீங்க கண்டுபிடிச்சு ஜீப்புல வந்துட்டீகன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசிக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். "உண்மையச் சொல்லு, அம்மா அடிக்கமாட்டேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் திரும்பத் திரும்பத் "திங்கல" என்றாள்.

நான் பிடித்த பிடியில் டாக்டரம்மாவும் சந்தேகத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது அப்போதைய வைத்தியம். இப்போது வேண்டாம் என்கிறார்களாம். ரூபியின் இரண்டு கையையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். டம்ளர் விளிம்புக்கு மேலே என்னைப் பார்த்தபடியே அவள் குடித்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

ஒன்றும் வரவில்லை. இட்லி எப்போதோ போய்விட்டது. "சாயங்காலம் வரைக்கும் இங்கயே படுத்திருக்கட்டும், பார்ப்போம்" என்றார்கள்.

ஒப்புதல் வாக்குமூலங்கள்

மத்தியானம் தாண்டியிருக்கும். வாசலில் பேச்சுச் சத்தம். தாயம்மா, குருவம்மா, மற்ற இருவர். காலில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. தேவதானத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஜீப்பை எனக்குக் கொடுத்துவிட்ட பெரிய அதிகாரி, தாயம்மாவின் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி.

தாயம்மா நேராக டாக்டரம்மாவின் மேசைக்கு முன் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, பிள்ளைய விட்ருங்க. நாங்கதான் தின்னோம்."

டாக்டரம்மா எழுந்துவிட்டார்கள். "நாலு பேருமா? சிஸ்டர், உப்புக் கொண்டா! எல்லாரும் உள்ள வந்து படுங்க!"

"ஐயோ, இது மருந்து போடுததுக்கு முந்தி!" என்று குருவம்மா பின்னால் நகர்ந்தாள். "ஒடைக்கும்போது தின்னது. ஒடைக்கும்போது திங்காம யாரும் ஒடைப்பாகளா?"

"கேட்டப்ப இல்லன்னீங்களேங்க?" என்றார் அலுவலர், அழாத குறையாக.

"நீங்க 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டீக. அது சாப்பாடா சார்? ஒண்ணு ஒடைக்க, ஒண்ணு வாயில போட. அது கணக்குல சேத்தியா?"

எங்கள் பக்கம் அது கணக்கில் சேர்த்தி கிடையாதுதான். கடலை உடைக்கிறவள் வாயில் போட்டுக்கொள்வது மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதைத் தின்றது என்று சொல்லமாட்டார்கள், நினைக்கவும் மாட்டார்கள். ஜீப் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு உறைத்திருக்கிறது. 'விற்பனைக்கு அல்ல' சாக்கு. போலீஸ் வருமோ என்று செத்த நேரம் தயங்கியிருக்கிறார்கள். பிறகு தாயம்மா, "செயிலுக்குப் போனா நாலு பேருமாப் போவோம். பிள்ளைக்கு ஒண்ணுன்னா?" என்று எழுந்திருக்கிறாள்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். "நான் ரெண்டு பிடி இருக்கும்." "நான் மூணு." "இவ பொய் சொல்லுதா, அஞ்சு பிடி தின்னா, நான் பாத்தேன்."

குருவம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏன் மதினி, நீங்க மட்டும் என்ன? கருப்பட்டிய ஒடைச்சு நடுவுல வச்சதே நீங்கதான? கடலைக்கு அது நல்லாருக்கும்னு சொல்லிச் சொல்லித் தின்னீக!"

தின்றேன். நன்றாகவே தின்றேன். அந்த நிமிஷம் வரை அது எனக்கு ஞாபகமே இல்லை. பதிவேடு எழுதத் தெரிந்தவள் நான்.

அலுவலர் தொண்டையைச் செருமினார்.

"நானும்... கருப்பட்டியோட ரெண்டு தடவை எடுத்தேனுங்க சார்."

பெரிய அதிகாரி தூக்குவாளியை மேசைமேல் வைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், உள்ளே படுத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒப்பீட்டு வரிசை

அந்த மூன்று வரிசையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மறுநாள் நால்வரும் தங்கள் வீட்டிலிருந்து நாட்டுக்கடலை கொண்டுவந்து போட்டு முடித்தார்கள். அலுவலர் அங்கே ஒரு பலகை நட்டு 'ஒப்பீட்டு வரிசை' என்று எழுதினார். பார்க்க வந்த விவசாயிகள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். புதுக் கடலையையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது நல்ல யோசனையாம். புதுக் கடலை செடிக்குச் செடி கொத்தாகப் பிடித்திருந்தது. அடுத்த வருஷம் எங்கள் தெருவில் எல்லோரும் கயிறு பிடித்தார்கள். அலுவலரின் நோட்டில், உடைக்கிறவர்களுக்கு என்று ஒரு பங்கு கழிக்கப்பட்டிருந்தது.

சீட்டு

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது விளைச்சலைப் பற்றி இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ரூபி சிரிக்கவில்லை.

கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா மேசைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, ஒரு சீட்டு எழுதித் தாங்க."

"என்ன சீட்டு?"

"ரூபி கடலை திங்கலன்னு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் கடலைக் கள்ளின்னு சொல்லுவாக. ஜீப்புல பிடிச்சுட்டுப் போனாகன்னு சொல்லுவாக."

சிரிப்பு அடங்கியது. டாக்டரம்மா மருந்து எழுதும் தாளை எடுத்து, முழு வாக்கியமாக எழுதினார்கள். 'ரூபி கடலை தின்னவில்லை. அவள் சொன்னது உண்மை.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

ரூபி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளையும் பேனாவையும் என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீயும் போடு."

வாங்கினேன். உப்புத் தண்ணீர் குடிக்க வைக்க அவளைப் பிடித்துக்கொண்ட அதே கை. பேனா வழுக்கி, என் பெயர் கோணல்மாணலாக விழுந்தது, புதிதாக எழுதக் கற்றவள் போட்டது மாதிரி.

ரூபி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி இல்லை.

"நல்லாப் போடும்மா," என்றாள். "இன்னொரு தடவ."

அதன் கீழேயே, ஒவ்வொரு எழுத்தாக, இன்னொரு தடவை போட்டேன்.